உடம்பெல்லாம் வலி, ரிப்போர்ட்டெல்லாம் நார்மல்

உடம்பு முழுதும் நீடித்த வலியும் களைப்பும் தரும் ஃபைப்ரோமயால்ஜியா நோய் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், லெனேசியா எனத் தென்னாப்பிரிக்காவின் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறோம். இங்கே வரும் மருந்தளவுகள் நீங்கள் டாக்டரிடம் விவரமாகப் பேசுவதற்காக. அவற்றைப் பார்த்து நீங்களே மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

வயது 46. நான்கு வருடமாகக் கழுத்து, தோள், இடுப்பு, தொடை என்று வலி இடம் மாறி மாறி வருகிறது. பிள்ளை ஓடிவந்து கட்டிக்கொண்டால்கூட வலிக்கிறது. எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். புதிதாகப் பார்த்த டாக்டர் ஃபைப்ரோமயால்ஜியா என்கிறார். மாமியாரோ, "ரிப்போர்ட்டில ஒண்ணுமில்ல, எல்லாம் உன் மனசுதான்" என்கிறார். எதை நம்புவது? இந்த நோயை எப்படி உறுதிசெய்கிறார்கள்?
வாசகி, சாட்ஸ்வொர்த்

உங்கள் உடம்பை நம்புங்கள் அம்மா. தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டு ஜுரம் இல்லை என்று சொல்ல முடியுமா? எக்ஸ்ரே எலும்பையும் மூட்டுத் தேய்மானத்தையும் காட்டும். ஈஎஸ்ஆர், சிஆர்பி பரிசோதனைகள் அழற்சியைக் காட்டும். இந்த நோயில் கோளாறு அங்கே இல்லை. வலியைச் சுமந்து செல்லும் நரம்புப் பாதையிலும், அதைப் பெற்றுக்கொள்ளும் தண்டுவடத்திலும் மூளையிலும் இருக்கிறது. வெயிலில் கருகிய தோளில் சட்டை பட்டாலே எரிகிறதே, அதில் சட்டையின் குற்றம் என்ன இருக்கிறது? அதே நிலைமை உங்கள் உடம்பு முழுவதற்கும் வந்திருக்கிறது.

2002ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் கிரேஸ்லி குழுவினர் நோயாளிகளின் கட்டைவிரல் நகத்தை அழுத்தியபடி மூளையை ஸ்கேன் செய்தார்கள். மற்றவர்களுக்கு வலி உண்டாக்கத் தேவைப்பட்டதில் ஏறக்குறைய பாதி அழுத்தமே இவர்களுக்கு அதே அளவு வலியைத் தந்தது. மூளையில் வலிக்குரிய பகுதிகளும் அதற்கேற்பச் செயல்பட்டது ஸ்கேனில் தெரிந்தது. கற்பனை வலி ஸ்கேனில் அப்படி வராது. மாமியாரிடம் இதைச் சண்டையாக இல்லாமல் செய்தியாகச் சொல்லுங்கள். மனக்கவலை வலியைக் கூட்டும் என்பது உண்மைதான். நீரிழிவில் சர்க்கரையையும்தான் கவலை கூட்டுகிறது. அதற்காக நீரிழிவு மனசில் இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை.

நோயை எப்படி உறுதிசெய்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். 1990ல் வந்த பழைய முறையில் உடம்பில் 18 இடங்களை விரலால் அழுத்தி, 11ல் வலித்தால்தான் இந்த நோய் என்றார்கள். இப்போது பெரும்பாலும் 2016ல் திருத்திய முறைதான். இதில் இரண்டு கணக்கு. கடந்த ஒரு வாரத்தில் உடம்பின் 19 பகுதிகளில் எத்தனையில் வலி இருந்தது என்பது முதல் கணக்கு. களைப்பு, தூங்கி எழுந்தும் தெளிவில்லாமை, ஞாபகக் குழப்பம் ஆகிய மூன்றுக்கும் தலா 0 முதல் 3 வரை மதிப்பெண் போட்டு, தலைவலி, அடிவயிற்று வலி, மனச்சோர்வு இருந்தால் தலா 1 சேர்ப்பது இரண்டாவது. முதல் கணக்கு குறைந்தது 7ம் இரண்டாவது குறைந்தது 5ம் வந்தால், அல்லது முதலாவது 4 முதல் 6 வரையும் இரண்டாவது குறைந்தது 9ம் வந்தால் பொருந்துகிறது. கூடவே, வலி உடம்பின் ஐந்து வட்டாரங்களில் நான்கிலாவது இருக்க வேண்டும், மூன்று மாதமாவது நீடித்திருக்க வேண்டும். முடக்குவாதமோ வேறு நோயோ கூடவே இருந்தாலும் இந்த நோய் இல்லை என்று ஆகிவிடாது. அதனால் 'எல்லாம் நார்மல், அதனால் இதுதான்' என்ற கழித்தல் கணக்கு வேண்டாம். இதற்கென்றே அடையாளங்கள் இருக்கின்றன.

எனக்கு சர்க்கரை, கொலஸ்ட்ரால் இரண்டும் உண்டு. மெட்ஃபார்மினும் சிம்வாஸ்டாட்டினும் சாப்பிடுகிறேன். இது ஃபைப்ரோதான் என்று முடிவு செய்யும் முன் எந்தெந்தப் பரிசோதனை அவசியம்?
வாசகர், ஃபீனிக்ஸ்

மிகச் சரியான கேள்வி. நம் சமூகத்தில் சர்க்கரையும் இதய நோயும் அதிகம் என்பதால் இந்த இரண்டு மாத்திரைகளும் பல வீடுகளில் இருக்கின்றன. சிம்வாஸ்டாட்டின் வகை மாத்திரைகள் சிலருக்குத் தசைவலி தரும். தொடையிலும் தோளிலும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வலித்து, மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் அல்லது அளவைக் கூட்டிய பின் ஆரம்பித்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். சிகே என்ற தசை நொதியைப் பார்ப்பார்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டர் சில வாரம் நிறுத்திப் பார்த்து, வேறு வகைக்கு மாற்றலாம்.

மெட்ஃபார்மினைப் பல ஆண்டு சாப்பிட்டால் பி12 குறையலாம். அதன் எரிச்சலும் மரத்துப்போதலும் பாதத்தில் தொடங்கும். ஃபைப்ரோவின் வலி பெரும்பாலும் உடம்பின் நடுப்பகுதியையும் சேர்த்தே பிடிக்கும். ஆகவே பட்டியல் இது: முழு ரத்த எண்ணிக்கை, ஈஎஸ்ஆர் அல்லது சிஆர்பி, தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், சிகே, பி12, இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், வைட்டமின் டி, சிறுநீரகச் செயல்பாடு, ஹெச்ஐவி. லூபஸ் போன்ற நோய்களைத் தேடும் ஏஎன்ஏ பரிசோதனையை அறிகுறி இல்லாமல் கேட்டு வாங்க வேண்டாம். நல்ல ஆரோக்கியமானவர்களிலும் சிலருக்கு அது பாசிட்டிவ் வரும். வீணாகப் பயமும் செலவும்தான் மிஞ்சும்.

மூட்டு கண்ணுக்குத் தெரியும்படி வீங்குவது, காரணமில்லாமல் எடை குறைவது, இரவு ஜுரமும் வேர்வையும், கையில் பலமே இல்லாமல் பொருள் நழுவுவது, சிறுநீர் கட்டுப்பாடு போவது ஆகியவை ஃபைப்ரோவில் வராதவை. 50 வயதுக்கு மேல் திடீரெனத் தோளும் இடுப்பும் விறைத்துப்போவதும் வேறு நோயாக இருக்கலாம். இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே கிளினிக்குக்குப் போங்கள்.

"நடங்க, எக்சர்சைஸ் பண்ணுங்க" என்றார் டாக்டர். நல்ல மனதோடு தினமும் அரை மணி நேரம் நடந்தேன். நான்காம் நாள் படுக்கையிலிருந்து எழவே முடியவில்லை. எனக்கு நடை ஒத்துவரவில்லையா?
வாசகி, டோங்காட்

நடை ஒத்துவரும். அளவுதான் ஒத்துவரவில்லை. ஐரோப்பிய மூட்டுநோய் வல்லுநர்கள் 2016ல் எல்லாச் சிகிச்சைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, உறுதியாகப் பரிந்துரைத்தது உடற்பயிற்சி ஒன்றைத்தான். எந்த மாத்திரைக்கும் அந்த இடம் கிடைக்கவில்லை. ஆனால் 'பண்ணுங்க' என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்புவதால்தான் பலரும் உங்களைப் போலப் படுத்துவிடுகிறார்கள். அதனால் இதை விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் உங்கள் தொடக்க அளவைக் கண்டுபிடியுங்கள். சாதாரண நாளொன்றில், வழக்கமான வலி பத்துக்கு 5 என்றால், நடக்க ஆரம்பித்து அது 7 ஆகும்வரை எத்தனை நிமிடம் என்று பாருங்கள். எட்டு நிமிடம் என்றால் அதில் முக்கால் பங்கு, அதாவது ஆறு நிமிடம்தான் உங்கள் அளவு. இரண்டு நிமிடம்தான் வருகிறதா? அதுவும் அளவுதான், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் இந்த அளவு மட்டும் நடங்கள். வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஆறில் தொடங்கியவர் இருபதைத் தொட மூன்றரை மாதம் ஆகும். அவசரமில்லை. வாரம் மூன்று நாள், இருபது முதல் முப்பது நிமிடம் என்ற இடத்துக்கு வந்தாலே நல்ல பலன் தெரியும்.

நல்ல நாளில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். வலி குறைவாக இருக்கிறதே என்று நாற்பது நிமிடம் நடந்து, வீடு துடைத்து, திரைச்சீலையும் துவைத்துவிடுவோம். அடுத்த மூன்று நாள் படுக்கை. படுத்திருக்கும்போது தசை தளர்கிறது, அடுத்த முறை இன்னும் குறைந்த வேலைக்கே வலிக்கிறது. ஆகவே நல்ல நாளிலும் ஆறு நிமிடம் என்றால் ஆறுதான். வலி கூடிய நாளில் மூன்று நிமிடம் நடங்கள், முழுதும் விட்டுவிடாதீர்கள்.

நடந்த மறுநாள் கொஞ்சம் வலி கூடுவது இயல்பு. 24 மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்தால் தொடரலாம். 48 மணி நேரமாகியும் இறங்கவில்லை என்றால் அளவில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, அங்கேயே இரண்டு வாரம் நில்லுங்கள்.

இன்னொன்று. உங்கள் பக்கத்தில் தெருவெல்லாம் ஏற்ற இறக்கம். ஏற்றம்தான் கஷ்டம் என்று நினைக்கிறோம், உண்மையில் இறக்கம்தான் தசையை அதிகம் புண்ணாக்கும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது. அந்த வேலை தசை நார்களில் நுண்ணிய கீறல்களை உண்டாக்கும். அதனால் சமதளமாகப் பாருங்கள்: பள்ளி மைதானம், மால், வீட்டு நடைவழிகூடப் போதும். கோடையில் டர்பன் பக்கத்துப் புழுக்கம் களைப்பைக் கூட்டும் என்பதால் காலை ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். தனியாகப் போக வேண்டாம், ஒரு துணையோடு போங்கள்.

ஆறு வாரம் கழித்துத் தசைப் பயிற்சி சேருங்கள், வாரம் இரண்டு நாள். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்காருவது, சுவரில் கைவைத்து ஐந்து முறை தள்ளுவது, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை ஐந்து முறை தூக்குவது. எல்லாருக்கும் நடைதான் பொருந்தும் என்றில்லை. 32 முதல் 34 டிகிரி வெதுவெதுப்பான நீர்க்குளம் வசதிப்பட்டால் மிக நல்லது. தை ச்சி என்ற சீன மெதுவசைவுப் பயிற்சியை 226 நோயாளிகளிடம் சோதித்த ஆய்வு 2018ல் வெளியானது. அது வழக்கமான ஏரோபிக் பயிற்சிக்குச் சமமாகவோ அதைவிட நன்றாகவோ பலன் தந்தது. விருப்பமானதைச் செய்யுங்கள். விருப்பமானதைத்தான் ஆறு மாதம் கழித்தும் செய்துகொண்டிருப்பீர்கள்.

அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் கொடுத்தார்கள். அது டிப்ரெஷன் மாத்திரை என்று மகள் சொன்னதும் நிறுத்திவிட்டேன். வலிக்கு கெமிஸ்ட்டில் வாங்கும் மாத்திரையைத்தான் தினமும் போடுகிறேன். சரிதானே?
வாசகி, மெர்பேங்க்

மன்னியுங்கள், தலைகீழாகச் செய்திருக்கிறீர்கள். மனச்சோர்வுக்கு அமிட்ரிப்டிலின் 75 மில்லிகிராமும் அதற்கு மேலும் கொடுப்பார்கள். 10 மில்லிகிராம் என்பது வலிக்கும் தூக்கத்துக்குமான அளவு. மூளையிலிருந்து இறங்கி வலியைத் தடுக்கும் நரம்புகளுக்கு அது கைகொடுக்கிறது. படுக்கும் நேரத்தில் போட்டால் காலையில் தலை கனக்கும். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே, எட்டு மணி வாக்கில் போடுங்கள். நான்கு முதல் ஆறு வாரம் பார்த்தபின்தான் பலனைச் சொல்ல முடியும். போதாவிட்டால் டாக்டர் மெல்ல 25 வரையோ 50 வரையோ கூட்டுவார். வாய் உலரும், மலச்சிக்கல் வரும், எடையும் கூடலாம். கண்ணில் கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய், இதயத் துடிப்புக் கோளாறு, ஆண்களுக்குப் புராஸ்டேட் தொல்லை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள், குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

வேறு இரண்டு மருந்துகளும் உண்டு. டுலாக்செட்டினை வழக்கமாக 30ல் தொடங்கி 60க்குப் போவார்கள். சாப்பாட்டோடு எடுத்தால் குமட்டல் குறையும், ரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். பிரிகாபலின் தலைசுற்றலும் கால் வீக்கமும் தரலாம், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும், அளவு சரியாகும்வரை வண்டி ஓட்டக்கூடாது. இரண்டையும் திடீரென நிறுத்தக்கூடாது. டிராமடோல் என்ற வலி மருந்தை டுலாக்செட்டினோடு சேர்த்தால் நடுக்கம், காய்ச்சல், படபடப்பு என்று உயிருக்கு ஆபத்தான நிலை வரலாம். இரண்டு டாக்டரிடம் பார்ப்பவர்கள் எல்லா மாத்திரைப் பெட்டியையும் ஒரு பையில் போட்டு இருவரிடமும் காட்டுங்கள்.

கெமிஸ்ட் மாத்திரைக்கு வருவோம். நம் நாட்டில் கோடீன் கலந்த வலி மாத்திரைகள் ஷெட்யூல் 2, டாக்டர் சீட்டில்லாமலே பார்மசிஸ்ட் தரலாம். பெட்டியைத் திருப்பிப் படியுங்கள். கோடீன், பாராசிட்டமால், கஃபீன் எனப் பலவும் ஒன்றாக இருக்கும். மாதத்தில் 10 நாளுக்கு மேல் போட்டு வந்தால் மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடும். கோடீன் மலச்சிக்கல் தரும், பழக்கமாகும், ஃபைப்ரோ வலிக்குப் பெரிதாக உதவாது. அதே மாத்திரையோடு தனியாகப் பாராசிட்டமாலும் போட்டால் 24 மணி நேரத்தில் 4 கிராம் என்ற எல்லையை அறியாமல் தாண்டிவிடுவீர்கள். 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுதான் அந்த 4 கிராம். ஐப்யூபுரோஃபென் அழற்சிக்கான மருந்து, இங்கே அழற்சியே இல்லை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவருக்கு அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். தினமும் போட்டுப் பழகிய கோடீனை ஒரே நாளில் விடாமல் டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறையுங்கள்.

எட்டு மணி நேரம் படுக்கிறேன். எழும்போது லாரி ஏறிப்போனது போல் இருக்கிறது.
வாசகி, வெருலம்

கனடாவில் ஹார்வி மோல்டோஃப்ஸ்கி 1975ல் ஆரோக்கியமான இளைஞர்களை, ஆழ்ந்த தூக்கம் வரும்போதெல்லாம் சத்தமெழுப்பிக் கலைத்துப் பார்த்தார். சில இரவுகளிலேயே அவர்களுக்கும் தசைவலி வந்தது. நேரம் எட்டு மணியானாலும் ஆழம் இல்லாவிட்டால் தூக்கம் உடம்பைத் தேற்றாது.

படுக்கும் நேரத்தைவிட எழும் நேரத்தை நிலையாக வையுங்கள், ஞாயிறும் சேர்த்து. பகலில் படுத்தால் இருபது நிமிடம், மூன்று மணிக்குள். இரண்டு மணிக்குப் பிறகு கடும் டீயை விட்டு ரூய்பாஸ் மூலிகை டீ குடியுங்கள், அதில் கஃபீன் கிடையாது. குறட்டையும் இடையில் மூச்சு நிற்பதும் உண்டா என்று கூடப் படுப்பவரைக் கேளுங்கள். அது ஸ்லீப் ஆப்னியா. அதற்குத் தனிச் சிகிச்சை இருக்கிறது, அதைச் செய்யாமல் ஃபைப்ரோ அடங்காது. மாலையானால் கால்கள் சும்மா இருக்க மாட்டாமல் துடிக்கிறதென்றால் ஃபெரிட்டின் பாருங்கள். 75க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து உதவும். அந்தத் துடிப்பை அமிட்ரிப்டிலின் அதிகமாக்கவும் கூடும்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் மூன்று வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள். பிரியாணி, ரொட்டி, பீன்ஸ் கறி எல்லாம் என் கையால்தான். திங்கள், செவ்வாய் படுக்கை. வயிற்று உப்புசமும் மலப்போக்குக் கோளாறும் வேறு. சமையலை விடச் சொல்லாதீர்கள்.
வாசகி, ஸ்டாங்கர்

விடச் சொல்லவில்லை அக்கா. ஞாயிற்றுக்கிழமையை வெள்ளிக்கிழமையே தொடங்கச் சொல்கிறோம்.

வெள்ளி: வெங்காயம் வதக்கித் தக்காளியோடு மசாலா சேர்த்து ஒரே முறையில் செய்து, நான்கு டப்பாக்களில் ஃப்ரீசரில் வையுங்கள். ஒரு மாதத்துக்கு அடிமசாலா தயார். வெங்காயத்தை உட்கார்ந்தே நறுக்குங்கள். பலகைக்கு அடியில் ஈரத்துணி போட்டால் அது நகராது, இடது கை இறுக்கிப் பிடிக்க வேண்டாம். கத்தி, கரண்டிப் பிடிகளில் நுரைக்குழாய் மாட்டித் தடிப்பாக்குங்கள். பிடி மெல்லியதாக இருந்தால் விரல்கள் அதிகம் இறுக வேண்டும், அந்த இறுக்கம்தான் முழங்கை வரை வலியாக ஏறுகிறது. இறைச்சியை வெட்டித் தரும்படி கடையிலேயே கேளுங்கள்.

சனி: பீன்ஸ் ஊறவைத்து மாலையில் பிரஷர் குக்கரில் வேகவையுங்கள். மறுநாள் தாளித்தால் போதும். ருசியும் கூடும்.

ஞாயிறு: மாவைப் பிசைந்து அரை மணி நேரம் மூடி வைத்தால் இளகிவிடும், தேய்க்கப் பாதி பலம் போதும். எட்டு ரொட்டி தேய்த்ததும் டைமர் பத்து நிமிடம். இந்த நேரத்தில் தோள்களை இறக்கிவிட்டு உட்காருங்கள், 'சும்மாதானே இருக்கேன்' என்று பாத்திரம் கழுவப் போகாதீர்கள். பிரியாணிச் சட்டியைத் தூக்கவே வேண்டாம். அடுப்பிலிருந்து மேடைக்கு நகர்த்துங்கள், அங்கிருந்தே பரிமாறுங்கள். மூன்று கிலோ அரிசி வெந்தால் தண்ணீரும் சட்டியும் சேர்ந்து பத்து கிலோவைத் தாண்டும். அதைத் தூக்குவது பேரன்களுக்குத்தான்.

வயிற்று உப்புசமும் மலப்போக்குக் கோளாறும் உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். ஃபைப்ரோவோடு எரிச்சல் குடல் நோய் அடிக்கடி சேர்ந்தே வரும். பீன்ஸ், வெங்காயம், பூண்டு, கோதுமை ஆகியவை சிலருக்கு அதைத் தூண்டும். டயட்டீஷியன் துணையோடு நான்கு வாரம் நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள். நிறுத்தியதோடு விட்டுவிடக்கூடாது, திரும்பச் சேர்த்தால்தான் குற்றவாளி எதுவென்று தெரியும்.

என் மருமகள் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்திருக்கிறாள். டுலாக்செட்டினும் இரவில் அமிட்ரிப்டிலினும் சாப்பிடுகிறாள். பத்து நாள் விரதத்தில் மாத்திரையை நிறுத்தலாம் என்கிறாள். எடுக்கலாமா?
வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

நேர்த்தியின் கனம் எங்களுக்கும் தெரியும். முடியாது என்று எழுத மனம் வரவில்லை, எப்படி முடியும் என்று எழுதுகிறோம். டாக்டரிடம் முன்கூட்டியே காட்டிவிட்டு இதைப் பாருங்கள்.

மாத்திரையை மட்டும் நிறுத்தக்கூடாது. டுலாக்செட்டினைத் திடீரென விட்டால் ஓரிரு நாளிலேயே தலைசுற்றல், குமட்டல், மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வு, அழுகை எல்லாம் வரும். விரதத்தின் நடுவில் அவர் படுப்பது வலியால் என்று நினைப்பீர்கள், அது மருந்து விட்டதால் வந்தது. விரதம் இறைச்சியைத்தான் விலக்குகிறது. வெறும் வயிற்றில் குமட்டும் என்பதால், நாளில் ஒரு வேளைதான் உணவு என்றால் அந்த வேளையோடு டுலாக்செட்டின் போடலாம். தினமும் அதே நேரமாக இருக்கட்டும்.

வெயிலைக் கவனியுங்கள். தைப்பூசம் நமக்கு ஜனவரி, பிப்ரவரி உச்சக் கோடை. அமிட்ரிப்டிலின் வேர்வையைக் குறைக்கும், அதனால் உடம்பு சூட்டை வெளியேற்ற முடியாமல் தவிக்கும். டுலாக்செட்டினோ சிலருக்கு வேர்வையைக் கூட்டி நீரை இழக்கவைக்கும். காலையில் முதலில் கிளம்பும் குழுவில் சேர்த்துவிடுங்கள். ஊர்வலத்தில் கால் மணிக்கொரு முறை சில வாய் தண்ணீரோ உப்புப் போட்ட மோரோ கொடுங்கள். வேர்வை நின்று தோல் சூடாகி, பேச்சு குழறினால் அது அருள் என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். நிழலில் கிடத்தி, நீர் ஊற்றி விசிறி, ஆம்புலன்ஸ் அழையுங்கள்.

சுமையைக் குறையுங்கள். தோளில் மரக்காவடிக்குப் பதில் பால்குடம் போதுமே. ஒரு லிட்டர் பால் ஒரு கிலோ, பித்தளைச் செம்பின் எடை தனி. சிறிய செம்பில் கால் லிட்டர் வைத்தாலும் முருகனுக்குக் குறைவில்லை. ஆறு வாரம் முன்பே வெறும் செம்போடு ஐந்து நிமிடம் நடந்து பழகி, வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டட்டும். வெறுங்காலோடு தார் ரோட்டில் நடப்பது சாதாரணத் தொடுகையே வலிக்கும் உடம்புக்குக் கடினம், சர்க்கரையும் இருந்தால் கொப்புளம் தெரியாமலே புண்ணாகும். முழு ஊர்வலமும் முடியாதென்றால் கடைசிப் பகுதியில் மட்டும் சேரலாமா என்று கோவில் பெரியவர்களிடம் இப்போதே பேசுங்கள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் வேலையோ விருந்தோ வைக்காதீர்கள்.

குளிர்காலத்தில் வலி கூடுவது உண்மையா, பிரமையா?
வாசகர், லெனேசியா

கூடுவதாகப் பலரும் சொல்கிறார்கள். ஆய்வுகளோ ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. உங்கள் ஹைவெல்ட் மேட்டுநிலத்தின் இரவுக் குளிரில் தோளைக் குறுக்கிப் படுப்பதும், வெளியே போகாமல் அசைவு குறைவதும் ஒரு காரணமாக இருக்கலாம். படுக்குமுன் பத்து நிமிடம் வெந்நீர்க் குளியல், மெல்லிய உடை இரண்டு மூன்று அடுக்கு. ரப்பர் வெந்நீர்ப் பையைத் துணி சுற்றி 20 நிமிடம் வைத்து எடுத்துவிடுங்கள். மின் ஒத்தட மெத்தையைப் போட்டபடி தூங்க வேண்டாம்.

மஞ்சள் மாத்திரை, மெக்னீசியம், டாகா (கஞ்சா) எண்ணெய் இவற்றில் எது நல்லது?
பல வாசகர்கள்

குழம்பில் போடும் மஞ்சள் நல்லதே. மாத்திரையாகச் செறிவூட்டிய மஞ்சள் ஃபைப்ரோவைக் குறைக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுவோருக்கு ரத்தக்கசிவு அபாயமும் உண்டு. மெக்னீசியத்துக்கும் சான்று பலவீனம்தான். வைட்டமின் டி குறைந்திருந்தால் மட்டும் எடுங்கள்.

டாகாவைப் பெரியவர்கள் தனிப்பட்ட இடத்தில் பயன்படுத்துவது குற்றமல்ல என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2018 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. சட்டம் விட்டதென்பதால் மருந்தாகிவிடாது. லேபிள் இல்லாத பாட்டிலில் போதை தரும் டிஹெச்சி எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பிரிகாபலினோடும் அமிட்ரிப்டிலினோடும் சேர்ந்தால் மயக்கம் கூடும், வயதானவர்கள் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்வார்கள்.

தையல் ஃபேக்டரியில் ஓவர்லாக் மெஷினில் வேலை. அடிக்கடி லீவ் எடுப்பதால் சூப்பர்வைசர் எச்சரிக்கிறார். மெடிக்கல் எய்டும் (மருத்துவக் காப்பீடு) மாத்திரைக்குப் பணம் தர மறுக்கிறது.
வாசகி, டர்பன்

சட்டப்படி, மூன்று வருடச் சுழற்சியில் ஆறு வாரத்தில் நீங்கள் வேலை செய்யும் நாள்கள் எத்தனையோ அத்தனை நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. வாரம் ஐந்து நாள் என்றால் 30 நாள். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் வராவிட்டாலோ, எட்டு வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் வராவிட்டாலோ டாக்டர் சான்றிதழ் இல்லாமல் சம்பளம் தர அவசியமில்லை. அதனால் அடிக்கடி ஒற்றை நாள் லீவ் எடுப்பதுதான் உங்களுக்குப் பாதகம். 1998ன் எம்ப்ளாய்மென்ட் ஈக்விட்டி சட்டம், நீண்டகாலக் குறைபாடு வேலைவாய்ப்பைப் பெரிதும் பாதித்தால் நியாயமான வசதி செய்துதரச் சொல்கிறது. டாக்டரிடம் 'இவருக்கு ஃபைப்ரோமயால்ஜியா' என்று மட்டும் எழுதும் கடிதம் வாங்காதீர்கள். மணிக்கொரு முறை மூன்று நிமிடம் எழுந்து நிற்க அனுமதி, உயரம் மாற்றக்கூடிய நாற்காலி, பெரிய துணிக்கட்டு தூக்காமை, ஓவர்டைம் விலக்கு என்று வேண்டியதை வரிசையாக எழுதித் தரச் சொல்லுங்கள். பிரதியை யூனியன் பிரதிநிதியிடம் கொடுங்கள்.

மெடிக்கல் எய்ட் கட்டாயமாகப் பணம் தர வேண்டிய நாள்பட்ட நோய்ப் பட்டியலில் முடக்குவாதம், லூபஸ், தைராய்டு குறைவு எல்லாம் உண்டு, ஃபைப்ரோமயால்ஜியா இல்லை. அதனால் பெரும்பாலும் மெடிக்கல் எய்டில் உள்ள உங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்தே போகும். சில திட்டங்கள் கூடுதல் நோய்களையும் சேர்த்திருக்கின்றன, உங்கள் திட்டத்தின் பட்டியலை எழுத்தில் கேளுங்கள். அமிட்ரிப்டிலின் விலை குறைந்தது, அரசு கிளினிக்கிலும் கிடைக்கும். மற்ற மருந்துகளுக்கு ஜெனரிக் இருக்கிறதா என்று பார்மசிஸ்ட்டிடம் கேளுங்கள்.

மனைவிக்கு இந்த நோய். என்ன செய்தாலும் கோபம் வருகிறது, எதுவும் செய்யாவிட்டாலும் கோபம் வருகிறது. நான் எப்படி உதவுவது?
வாசகர், இசிபிங்கோ

கேட்டதற்கே நன்றி தம்பி. "இப்ப எப்படி இருக்கு?" என்று மணிக்கொரு தரம் கேட்காதீர்கள். ஒவ்வொரு முறையும் அவர் வலியை எண்ணிப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். "இன்னிக்கு எதை நான் எடுத்துக்கட்டும்?" என்று கேளுங்கள். அதைவிட, ஒரு வேலையை முழுதாக உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள். துவைப்பது நல்ல தேர்வு. ஈரப் படுக்கை விரிப்பைப் பிழிவதும், கூடையைத் தூக்குவதும், கையை உயர்த்திக் கொடியில் போடுவதும் அவர் தோளுக்கு மிகக் கெடுதல். எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்ளவும் வேண்டாம், அசைவு நின்றால் வலி ஏறும்.

வார்த்தை மறப்பதும் கேஸை அணைக்க மறப்பதும் நோயின் பகுதி. அடுப்பருகே டைமர், மாத்திரைக்கு வாரப்பெட்டி, சாவிக்கு ஒரே ஆணி என்று வையுங்கள். "அதான் அப்பவே சொன்னேனே" என்ற வாக்கியத்தை வீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.

சாப்பாட்டிலும் பிள்ளைகளிலும் பிடிப்பே போய், வாழ்ந்து என்ன பயன் என்று பேசினால் அன்றே டாக்டரிடம் கூட்டிப்போங்கள், மாத்திரைகளை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற சமயங்களில், அடுத்த சந்திப்புக்கு முன் இரண்டு வாரம் நீங்கள் இருவரும் ஒரு நோட்டில் தினம் மூன்று எண் மட்டும் எழுதுங்கள்: வலி, தூக்கம், நடந்த நிமிடம். பத்து நிமிடச் சந்திப்பில் அவர் சொல்ல மறப்பதையெல்லாம் அந்த நோட்டு சொல்லிவிடும்.